மூன்றடி வழி

விடிவதற்குள் கலவை போட்டாக வேண்டும். ஏழு மணி தாண்டினால் கஸ்பா பேட்டின் சந்துகளிலிருந்து ஸ்கூட்டர்கள் கிளம்பிவிடும், அப்புறம் ஒரு சட்டி மணலைக்கூட நிம்மதியாகக் கொட்ட முடியாது. அதனால் போபோடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, ஐந்தரைக்கெல்லாம் பத்தொன்பது பேரும் அந்தப் பழைய தெருவில் நின்றார்கள். ஆகஸ்ட் மாதத்துத் தூறல். நிற்கவும் நிற்காது, பெய்து தொலைக்கவும் செய்யாது. காசிம் கலவை மிஷினைக் கிளப்பியதும் இரண்டு பக்கத்து மரவீடுகளின் ஜன்னல் கதவுகள் கடகடவென்று ஆடின. ஈரச் சிமெண்டு வாடையும் டீசல் புகையும் தெருவை அடைத்துக்கொண்டன.

மாடசாமி மண்டியிட்டால் மதியம் வரை எழுந்திருக்க மாட்டான். முழங்காலுக்கு அடியில் சாக்குத் துண்டு, வலது கையில் ரப்பர் சுத்தியல், இடது பக்கம் ரசமட்டம். ஒவ்வொரு கருங்கல் பலகையும் முப்பது கிலோவுக்குக் குறையாது. கல்லைக் கலவைமேல் இறக்கி, நாலு மூலையிலும் தட்டி, கயிற்றுக்கு நேராக உட்கார வைத்து, அடுத்ததற்கு நகர வேண்டும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அவன் புனே வந்து பதினான்கு வருஷமாகிறது. இந்த ஊரில் அவன் பதித்த கல்லையெல்லாம் நீட்டி வைத்தால் எத்தனை மைல் வருமோ, அவனுக்கே தெரியாது.

அந்த வருஷம், அதாவது 2008இல், அக்டோபரில் ஒரு விளையாட்டுப் போட்டிக்காக வெளிநாட்டுப் பிள்ளைகள் ஓடவும் குதிக்கவும் ஊருக்கு வருகிறார்கள் என்று தெருக்களுக்கெல்லாம் யோகம் அடித்திருந்தது. பழைய ஊரின் அழகை நடந்தே பார்க்கலாம், அகலமான நடைபாதை, உட்கார பெஞ்சு, கண் தெரியாதவர்களுக்குக் காலால் தடவிப் போகப் புள்ளிக் கல். நடப்பவர்களுக்கே இந்தத் தெரு என்று தெருமுனையில் ஒரு போர்டும் வைத்தாயிற்று. நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? காரில் போகிறவனுக்காகவே ஊரை வெட்டி வெட்டிச் செத்தவர்கள் இவர்கள். நடக்கிறவனுக்கு ஒரு பாதை போடுகிறோம் என்பதில் மாடசாமிக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

வேலை நடக்கும்போதும் சனம் நடக்க வேண்டுமல்லவா? அதற்கும் டெண்டரிலேயே விதி இருந்தது. வீடுகளை ஒட்டி மூன்றடி விட்டு, கயிறு கட்டி, பள்ளத்தின்மேல் பலகை போட்டு வைக்க வேண்டும். ஜூலை வரைக்கும் அப்படித்தான் நடந்தது. அந்த மூன்றடி வழி மரியம்மாள் பொறுப்பு. மாடசாமியின் மனைவி, அதே கூட்டத்தில் சித்தாள். காலையில் கயிறு கட்டுவாள், பலகையைத் துடைப்பாள், கோயிலுக்குப் போகும் கிழவிகளைக் கைபிடித்துத் தாண்டிவிடுவாள். மராத்தியில் பத்து வார்த்தைதான் தெரியும், அதை வைத்துக்கொண்டே தெரு முழுக்க சிநேகம் பிடித்துவிட்டாள்.

அதற்கு உலை வைத்தவர் அருணாச்சலம். பெரிய கம்பெனியிடமிருந்து இந்தத் தெருவை உள்குத்தகைக்கு எடுத்தவர், நம்ம ஊர்க்காரர், வசதியானவர்கள் இருக்கும் ஔந்தில் சொந்த பிளாட். கணபதித் திருவிழாவுக்கு முன்னால் வேலை முடிய வேண்டும் என்று ஆகஸ்ட் முதல் தேதி நாள்கூலியை நிறுத்திவிட்டு, பதித்த மீட்டருக்குத்தான் கூலி என்றார். சதுக்கத்தில் லாரி இறக்கும் கல்லைத் தெருவுக்குள் சுமப்பது கணக்கில் வராது. கயிறு கட்டுவது வராது, பலகை போடுவது வராது. பலகைகளையும் விமான் நகர் வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார். கல்லை எங்கே வைக்க என்று கேட்டதற்கு, அந்த மூன்றடியில் அடுக்கிக்கொள்ளச் சொன்னார். யார் கேட்கப் போகிறார்கள் என்றார். கைக்குப் பக்கத்திலேயே கல் இருந்தால் இரண்டு மீட்டர் கூடப் பதிக்கலாம். வயிறு இருக்கிறதே, அது சரியென்று தலையாட்டியது. அடுக்கினார்கள்.

அடுக்குவதிலும் மாடசாமிக்கு ஒரு பிடிவாதம். கல்லைத் தட்டிச் சத்தம் பார்ப்பான், கனம் பார்ப்பான், எந்த விளிம்பு எதோடு சேரும் என்று பார்த்துச் சுண்ணாம்புக் கட்டியால் எண் போடுவான். எண் வரிசையில்தான் கல் நிற்க வேண்டும். ஒரு கல்லை யாராவது இடம் மாற்றினால் போச்சு, அன்றைக்கு முழுக்க வாயில் வசவுதான். அந்த வரிசையால்தான் அவன் பதித்த பாதையில் காசு நுழைய இடைவெளி இருக்காது.

பதினோராம் தேதி காலை எட்டு மணி. பள்ளிக்கூட நேரம். கையில் குழந்தையோடு ஒரு பெண் கல்லடுக்குக்கு முன்னால் வழியில்லாமல் நின்றாள். மரியம்மாள் கலவைச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு புருஷனிடம் கேட்டாள்.

"இந்தாரும், இந்த நாலு கல்ல அங்கிட்டு நவுத்துனா ஆளு நுழைஞ்சு போயிரலாம்லா?"

அவன் நிமிரவில்லை. "கல்லத் தொடாத. வரிசை கலைஞ்சிரும். ஒரு மணி நேரத்துல பதிச்சிருவேன்."

"ஒரு மணி நேரம் சனம் பறந்தா போகும்?" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, நான் முன்னால் போகிறேன், பின்னால் வா என்று அந்தப் பெண்ணுக்குச் சைகை காட்டி, சட்டியைத் தலைக்கு ஏற்றி, ரோட்டில் இறங்கினாள்.

பஸ் திருப்பத்தில் வந்தது. டிரைவர் பிரேக்கை மிதிக்கத்தான் செய்தார், ஈரத்தில் பஸ் கேட்கவில்லை. குழந்தைக்காரி இன்னும் ஓரக்கல்லில்தான் நின்றாள், தப்பினாள். மாடசாமிக்குச் சட்டி விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. தலையைத் தூக்காமலே சத்தம் போட்டான்.

"கலவையைக் கொட்டிட்டியா?"

பெற்ற மகளை எழுப்பி, சோறு பொங்கி, விடியலில் பஸ் ஏறி, கூடவே பதினான்கு வருஷம் சுமந்தவளுக்கு அவன் கொடுத்த கடைசி வார்த்தை அதுதான். எந்தத் தண்ணீரில் கழுவினாலும் அது போகுமா?

மூன்றாம் நாள் அருணாச்சலம் போபோடிக்கு மாலையோடு வந்தார். சின்ன அறை, பலகையில் மரியம்மாளின் ரேஷன் கார்டுப் படம். மாலையைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மராத்தியில் டைப் அடித்த ஒரு தாளை எடுத்து வைத்தார். போலீஸுக்குக் கொடுக்க வேண்டும், சும்மா நடைமுறை, நாளைக்குக் காலையில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவா என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாடசாமிக்கு மராத்தி பேச வரும், படிக்க வராது. மகள் மீனு ஒன்பதாவது, மராத்திப் பள்ளிக்கூடம். அவளுக்குத் தமிழ்தான் தட்டுத் தடுமாறும். தாளை எடுத்து முதலில் மனசுக்குள் படித்தாள். பிறகு முகம் மாறியது.

"நடக்குற வழி காலியா இருந்துச்சாம் அப்பா. கயிறு எல்லாம் கட்டி இருந்துச்சாம். அம்மாதான் பார்க்காம ரோட்ல எறங்குச்சாம். தப்பு பூரா அம்மாவோடதாம்." தாளைக் கீழே வைத்தாள். "அம்மா ஏன் ரோட்ல எறங்குச்சு? அம்மாதானே எல்லாருக்கும் வழி காட்டும்?"

அவன் எதையும் மறைக்கவில்லை. கல் அடுக்கியதைச் சொன்னான், அவள் நகர்த்தக் கேட்டதைச் சொன்னான், தான் விடாததைச் சொன்னான். சட்டி விழுந்தபோது சத்தம் போட்டதையும் சொன்னான். மீனு கத்தவில்லை, அழவில்லை. அம்மாவின் சேலையை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். அதன்பிறகு அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதைவிட அவள் நாலு அடி அடித்திருக்கலாம்.

மறுநாள் காலை அவன் கிளம்பியபோது, கூப்பிடாமலே மீனுவும் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். தெருவில் வேலை மறுபடி தொடங்கியிருந்தது. கல்லடுக்கு அப்படியே நின்றது. அருணாச்சலம் காரிலிருந்து இறங்கிக் கையை நீட்டினார்.

"போட்டுட்டியா?"

"போடல மொதலாளி. இதுல பொய் எழுதிருக்கு. வழி காலியா இல்ல. கல்லு இருந்துச்சு."

அருணாச்சலம் கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து, பிள்ளைக்குப் பாடம் சொல்கிற குரலில் பேசினார். "சரி, கல்லு இருந்துச்சுன்னே சொல்லு. யாரு அடுக்குனான்னு கேப்பான். சுண்ணாம்புல நம்பர் போட்டது யாரு? நீ. நவுத்தக் கூடாதுன்னு சொன்னது யாரு? நீ. பொண்டாட்டியக் கொன்னவன்னு உள்ள போவே. இந்தப் பொண்ணு யாரு வீட்ல நிக்கும்? யோசிச்சுப் பேசு மாடசாமி."

அவர் சொன்னதில் பாதி உண்மை. ராத்திரி முழுக்க மாடசாமியே தன்னிடம் கேட்டுக்கொண்ட கேள்விதான் அது. அந்தப் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் முதலாளி அவன் கழுத்தில் காலை வைத்தார். தாளில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டிக்கூடக் கொடுத்தார் அருணாச்சலம்.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு முதலில் வந்தவள் பட்டு. மரியம்மாளோடு ஒரே சட்டியில் சோறு தின்றவள்.

"அண்ணன் ஒத்தையில எப்படி அடுக்கும்? லாரியில இருந்து எடுத்துக் குடுத்தவ நான். எம்பேரையும் எழுதச் சொல்லுங்க."

அருணாச்சலம் அவளைப் போய் வேலையைப் பார்க்கச் சொன்னார். அவள் போகவில்லை. கலவை மிஷினை காசிம் நிறுத்தினான். தெருவில் திடீரென்று வந்த அமைதியில் கிட்டு எழுந்து நின்றான். இந்தக் கிட்டுவும் கல் பதிக்கிறவன்தான். எண் போட்ட கல்லை எடுத்ததற்காகப் போன மாதம் மாடசாமியிடம் ஊரறிய வசவு வாங்கி, அன்றிலிருந்து முகம் பார்க்காதவன்.

"நானும்தான் அடுக்குனேன்," என்றான். "கை எங்களுது மொதலாளி, மறுக்கல. அடுக்கச் சொன்ன வாயி யாரோடது? பலகையத் தூக்கிட்டுப் போனது யாரு? மீட்டருக்குத்தான் கூலின்னது யாரு? அதையும் சேத்துச் சொல்லுவோம். உள்ள போறதுன்னா எல்லாரும் போவோம்."

"நாளைக்கே வேற ஆளு எறக்குவேன். பொழப்பு போயிரும், பாத்துக்க."

"எறக்குங்க. அவங்ககிட்டயும் இதத்தான் சொல்லுவோம்," என்றான் காசிம். "மூணடிய விட்டு, பலகை போட்டு, பழையபடி நாள்கூலி தந்தாத்தான் இந்தத் தெருவுல ஒரு கல்லு எறங்கும்."

அருணாச்சலம் போனைக் காதில் வைத்துக்கொண்டு காருக்குப் போனார். யாரும் கோஷம் போடவில்லை. கைகாலைக் கழுவிக்கொண்டு, பதினெட்டுப் பேரும் மீனுவும் இரண்டு தெரு தள்ளியிருந்த போலீஸ் சௌக்கிக்கு நடந்தார்கள். வழியில் நடைபாதையில்லாத இடத்தில் ரோட்டோரமாகத்தான் நடக்க வேண்டியிருந்தது, ஒருவர் பின் ஒருவராக, பெண்களை உள்பக்கம் விட்டு. குழந்தையோடு நின்றாளே, அந்த மராத்திப் பெண், தன் வீட்டு வாசலிலிருந்து இவர்களைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு அவளும் இறங்கி வந்தாள்.

சௌக்கியில் ஒரே ஒரு ஏட்டு. இத்தனை பேரைப் பார்த்ததும் சலித்துக்கொண்டார். ஒருத்தர் சொன்னால் போதாதா, எழுத ஆளுமில்லை தாளுமில்லை என்றார். மீனு முன்னால் போனாள். பையிலிருந்து நோட்டை எடுத்து நடுப்பக்கத் தாள்களைக் கிழித்தாள். சுவரோரம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மராத்தியில் எழுதலாமா என்று ஏட்டைக் கேட்டாள். எழுது என்றார்.

பட்டு சொன்னாள், கிட்டு சொன்னான், காசிம் சொன்னான். ஆளுக்கொரு தாள். தெரியாத தமிழ் வார்த்தைக்கு காசிம் மராத்தி சொன்னான். மராத்திப் பெண் தன் தாளைத் தானே எழுதிக்கொண்டாள். வெளியே தூறல் வலுத்தது, உள்ளே ஈரத் துணி வாடை, யாரும் நகரவில்லை. எல்லாரும் முடித்த பிறகு மாடசாமி மகளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். வீட்டில் சொன்னதையே திரும்பச் சொன்னான், ஒன்றையும் குறைக்கவில்லை. நடுவில் இரண்டு தடவை பேனா நின்றது. இரண்டு தடவையும் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி எழுதினாள்.

ஏட்டு தாள்களைப் புரட்டினார். எல்லாருமே நான்தான் அடுக்கினேன் என்றால் நான் யாரைப் பிடிப்பது என்று கேட்டார். காசிம் அதைத் தமிழில் சொன்னான்.

"எங்க எல்லாரையும் பிடிக்கட்டும்," என்றாள் பட்டு. "அடுக்கச் சொன்னவரு பேரும் எல்லாத் தாள்லயும் இருக்கு. அவரையும் கூப்பிடச் சொல்லு. அவரு வார வரைக்கும் நாங்க இங்கனதான் உக்காந்திருப்போம்."

பெஞ்சு ஒன்றுதான் இருந்தது. மிச்சப் பேர் தரையில் உட்கார்ந்தார்கள். ஏட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, போனை எடுத்து அருணாச்சலத்தின் நம்பரை அழுத்தினார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

மாடசாமியின் தாள் இன்னும் மீனுவின் மடியில் இருந்தது. அவள் அதைத் திருப்பி அவன் முன்னால் வைத்து, பேனாவை நீட்டினாள்.

"இங்க போடு அப்பா," என்றாள்.

நேற்றிலிருந்து அவள் அவனோடு பேசிய முதல் வார்த்தை. அவனுக்குக் கண் மறைத்தது, கோடு தெரியவில்லை. அவள் அவன் கையைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள். அவன் தன் பெயரைத் தமிழில் எழுதி முடிக்கும்வரை அந்தக் கையை அவள் விடவில்லை.