தவில் கேட்காத பெட்டி

தெங்கேராவில் தனபாலனின் ரேடியோ கடைக்கு நாங்கள் போனபோது மணி பதினொன்று இருக்கும். என் வீட்டுக்காரர் காந்தன் தன்னுடைய ஹெட்போனைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தார். அதற்குத் தோதாக உயர்ந்த ரக ஆம்ப்ளிஃபயர் ஒன்று வேண்டுமாம்.

ஒரு வருஷமாகவே இந்தப் பைத்தியம். நாதஸ்வர சிடியைப் போட்டால் தவில் கேட்கவில்லை என்பார். பிளேயரை மாற்றினார், கேட்கவில்லை. ஹெட்போனை மாற்றினார், அப்போதும் கேட்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான் என்று நானும் கேலி செய்துகொண்டிருந்தேன். இத்தனைக்கும் செம்பனை எண்ணெய் ஆலையில் அவரை வைத்திருப்பதே காதுக்காகத்தான். ஃபிட்டர் வேலை. ஓடுகிற மெஷினில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியை வலது காதில் அழுத்தி, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கம்பெனி கொடுத்த காதடைப்பான் இருபது வருஷமாக லாக்கரில் தூங்குகிறது. அதைப் போட்டால் மெஷின் பேசுவது கேட்காதாம்.

தனபாலன் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். பெரியது, வால்வுகள் செக்கச் செவேலென்று எரிவது, விலை ஆயிரத்து நானூறு வெள்ளி. அதில் சத்தத்துக்கு ஒரே ஒரு குமிழ்தான். குமிழ்களின் எண்ணிக்கை கூடினால் ஒலியின் சுத்தம் குறையும் என்று விளக்கினார். சின்னது ஐந்நூற்றைம்பது. அதில் சத்தத்தை இடது, வலது என்று கூட்டிக் குறைக்க இன்னொரு குமிழும் இருந்தது. இவர் முதலில் பெரியதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நாதஸ்வரம் தேனு. தவிலு பக்கம்தான் செத்துக் கெடக்கு தம்பி."

தனபாலன் முகம் வாடிவிட்டது. வயரை மாற்றிப் பார்த்தார், பெட்டியைத் தட்டிப் பார்த்தார். அதற்குள் வேறு யாரோ ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வர, வாசலுக்குப் போனார். இவர் சின்னதில் மாட்டிக் குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. தவில் வந்துவிட்டது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

காசு கொடுக்கப் போகிறவள் நான், கேட்காமல் விடுவேனா? ஹெட்போனை வாங்கிக் காதில் மாட்டினேன். வலது காதில் தவில் இடியாக இடித்தது. நாதஸ்வரம் எங்கோ அடுத்த தெருவில் கேட்டது. குனிந்து பார்த்தால் குமிழ் வலது கோடியில் நிற்கிறது. அதை நடுவுக்குக் கொண்டுவந்தேன், இரண்டும் சமமாக நின்றன. பெரிய பெட்டியிலும் மாட்டிக் கேட்டேன். தவில் கணீரென்று இருந்தது.

கோளாறு பெட்டியில் இல்லை, அவருடைய வலது காதில். நிமிர்ந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துபோயிருந்தார்.

தனபாலன் திரும்பி வந்து எது என்று கேட்டார். தனபாலனுடைய மச்சான்தான் ஆலையில் ஃபோர்மேன். காதைப் பற்றி ஒரு வார்த்தை போதும், நாளைக்கே இவரை கேட்டில் காவலுக்கு ஜாகாவாக உட்கார வைத்துவிடுவார்கள்.

"சின்னதே போதும்."

"பெரிசுலதான் சவுண்டு சுத்தம்லா, அண்ணி."

"இருக்கட்டும். அவருக்கு இதுதான் புடிச்சிருக்கு."

பஸ் நிலையத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து, எவ்வளவு நாளாக இப்படி என்று மெதுவாகக் கேட்டேன். அவர் காதில் விழவில்லை. எழுந்து போய் இடப்பக்கம் உட்கார்ந்து, அதே குரலில் திரும்பக் கேட்டேன்.

"பெட்டிதான் சரியில்லன்னு நெனச்சேன் உஷா. சத்தியமா. நீ அந்தக் குமிழத் திருப்பினப்பதான் தெரிஞ்சிச்சு."

கோபம்தான் முதலில் வந்தது. அந்த லாக்கரை உடைத்து, காதடைப்பானை அவர் தலையில் மாட்டி ஆணியடிக்க வேண்டும் போலிருந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

"திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போறோம். அப்புறம் ஃபோர்மேன்கிட்ட நீங்களே சொல்லணும். வேற யாரும் சொல்றதுக்கு முன்னாடி."

அவர் மடியிலிருந்த பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

பஸ் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து சன்னலோரம் என்னுடையது, யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. அன்றைக்கு வலது வரிசையில் சன்னலோரம் அவரைத் தள்ளி உட்கார வைத்து, அவருக்கு இடப்பக்கம் நான் உட்கார்ந்தேன். ஒழுகுகிற குழாய், பெரியவளின் பள்ளி ஆண்டுவிழா, மீன்காரன் கொடுத்த பழைய மீன் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் எங்கள் ஊர் செலண்டார் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தேன். ஒன்றுவிடாமல் பதில் சொன்னார்.