எல்லாருக்கும் சம்மதம்தானே?

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மாமியாரே சொல்லியாச்சு, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தின் திங்கட்கிழமைக் கூட்டத்தில் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு. துறைத் தலைவர்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருப்போம். தலைமையாசிரியர் எதையாவது சொல்லிவிட்டு, "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்பார். யாரும் பேசமாட்டோம். பேசாவிட்டால் சம்மதம் என்பது அங்கே வழக்கம். நாங்கள் நிர்வாகமும் இல்லை, வெறும் ஆசிரியர்களும் இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

நான் அறிவியல் துறைத் தலைவி. என் துறைக்குப் புதிதாக வந்த டீச்சர், சின்னப் பெண், ஒரு நாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். ஆய்வகத்துச் சாமான் அறையிலிருந்து பீக்கர் எடுத்து வரச் சொன்னதற்கு, ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாசலிலேயே நின்று நடுங்கினாளாம். "உள்ள வச்சுப் பூட்டிடுவீங்களா மிஸ்?" என்று கேட்டாளாம். நீச்சல் பயிற்சியில் பிந்தினால், பயிற்சியாளர் மிதவைகள் போட்டிருக்கும் இருட்டறையில் வைத்துப் பூட்டுவாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகக் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் வெளி அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட்டு, அவர்கள் வரும்வரை பயிற்சியாளரைப் பிள்ளைகள் பக்கம் விடக்கூடாது என்று தலைமையாசிரியரிடம் சொன்னார். நீச்சல் கோப்பைப் போட்டி நெருங்குகிற நேரம். மனுஷன் கேட்பாரா? பயிற்சியாளரை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"முதல்ல என்கிட்ட வராம எப்படி அங்க போனீங்க? அந்தப் புதுப் பொண்ணு தப்பாப் புரிஞ்சுக்கிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்க பதவி உங்களுக்கு. இல்லைன்னா திங்கட்கிழமை கூட்டத்துல வச்சு உங்களை எடுத்துடுவேன்."

அந்த ஒரு வார்த்தையில் புதியவளின் வேலை போகும், பிள்ளை மறுபடி இருட்டறைக்குப் போவாள். சொல்வேனா? நூலகத்துக்கு ஓடினேன். எங்கள் நூலகர்தான் ஆசிரியர் சங்கப் பிரதிநிதி. பிள்ளைகள் வைத்த பெயர் 'உஷ் அக்கா'.

"தலைவி ஆனா தலை ரெண்டு ஆயிடுமா? சங்கம் உனக்கும்தான்டி," என்றாள். "விசாரிக்கிறது நம்ம வேலை இல்லை. பிள்ளை சொன்னதைச் சொன்னபடி கொண்டு சேர்க்கிறதுதான் நம்ம வேலை. அதைச் செஞ்சிட்ட. கூட்டத்துல எதையும் கூட்டாதே, குறைக்காதே. முக்கியமா கத்தாதே. நான் கூட வர்றேன்."

கத்தாமல் இருப்பதுதான் கஷ்டம்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் பள்ளியின் மானம், ஒழுங்கு, கோப்பை என்று ஒரு மூச்சு பேசினார். பிறகு, "ஆக, இவங்களைப் பொறுப்பிலேருந்து எடுத்துடலாம்..." என்று இழுத்தார். உஷ் அக்கா எழுந்துவிட்டாள்.

"அதுக்கு முன்னாடி சங்கத்து சார்பா ஒண்ணு கேக்கணும் சார்." வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "ஒரு பிள்ளைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா நேரா பாதுகாப்புப் பொறுப்பாளர்கிட்ட போறதுதான் சரி. இவங்க செஞ்சது சரி. எல்லாருக்கும் சம்மதம்தானே?"

எல்லோரும் பழக்கதோஷத்தில் மேசையைப் பார்த்தார்கள். சே, இவர்கள் எல்லாம் மனுஷங்களா என்று கத்த வந்த வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"நன்றி. ஏகமனதா சம்மதம்," என்றாள் அக்கா.

"யாரும் வாயே திறக்கலையே!" தலைமையாசிரியர் குரல் உயர்ந்தது.

"இங்க அதுக்குப் பேருதானே சார் சம்மதம்? நீங்க வச்ச வழக்கம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எந்தக் கூட்டத்திலும் தூங்கி வழிகிற வரலாற்றுத் துறைத் தலைவர், எங்கள் 'கொட்டாவி', மெல்ல எழுந்தார். "என் பொண்ணும் அந்தக் குளத்துலதான் நீந்துறா. நான் வாயைத் திறந்தே சொல்றேன் சார். சம்மதம். இவங்களை எடுத்தா என்னையும் எடுங்க."

"என்னையும்," என்றார் கணக்கு. "என்னையும்," என்றார் மொழி. அப்புறம் யார் என்ன சொன்னார்கள் என்றே கேட்கவில்லை, அப்படி ஒரு சத்தம். அட, இத்தனை வாய்களா இத்தனை வருஷம் சும்மா இருந்தன! உஷ் அக்கா யாரையும் அடக்கவில்லை.

அன்று மாலையே பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதிகாரிகள் வந்து பிள்ளைகளிடம் பேசினார்கள். அவர் திரும்பி வரவேயில்லை.

அடுத்த வாரம் அதே பிள்ளை ஆய்வகத்துக்கு வந்தாள். சாமான் அறைக் கதவு சாத்தாமலிருக்க நான் ஒரு முக்காலியை முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். உள்ளே போனாள். தட்டு நிறைய பீக்கர்களோடு வெளியே வந்தாள். "இது வழியில இருக்கு மிஸ்," என்று முக்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். கதவு டமாலென்று சாத்திக்கொண்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஜெயிச்சிட்டோம்டி!" என்று பக்கத்தில் நின்ற புதிய டீச்சரின் முதுகில் ஒரு போடு போட்டேன். அவள் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாகப் போனது.