அரிசி போட்ட மெஷின்

என் அண்ணன் காசிமாயன் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் சீராகக் கொண்டுபோகும் பாத்திரம் எதுவும் வெறுமையாகப் போகக் கூடாது. குடம் என்றால் நெல், அண்டா என்றால் அரிசி. என் மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக அண்ணன் வாங்கியதோ துணி துவைக்கும் மெஷின். விடுவாரா? மூடியைத் திறந்து, தொட்டி நிறையப் பச்சரிசியைக் கொட்டி, மேலே மண்டை வெல்லம் வைத்து, சந்தனம் குங்குமம் தடவி, கொட்டு மேளத்தோடு, மதுரைக்குப் பக்கம் ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார். அது எண்பத்தேழாம் வருஷம். எங்கள் தெருவில் அப்படியொரு சாமானை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

அந்த மெஷினில்தான் என் வேலை தொங்கிக்கொண்டிருந்தது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பரீட்சை எழுதி வாங்கிய வேலை. வீட்டில் கணவர், மாமியார், இரண்டு கொழுந்தன்மார், குழந்தை. அத்தனை பேர் துணியும் என் தலையில். கணவர் நல்லகாமனுக்கு சிமெண்டுக் கடை. அவர் வேட்டியைத் துவைத்து எழுந்தால் இடுப்பு கழன்றுவிடும். "வேலைக்குப் போறவளால வீட்டு வேல ஓடல. ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துரு" என்று மாமியார் மாயக்காள் நாள் தவறாமல் சொல்லுவார். கணவர் வாயைத் திறக்க மாட்டார். இதெல்லாம் தெரிந்துதான் அண்ணன் நகைக்குப் பதில் மெஷின் வாங்கினார். அதைச் சுற்றிவந்து பார்த்த மாமியார், "சரி, இது ஓடுற வரைக்கும் போ" என்றார்.

அது ஓடினால்தானே! கொஞ்ச நாள் ஒழுங்காகச் சுற்றியது. பிறகு, தண்ணீரை நிரப்பித் திருகினால் உறுமும், ரெண்டு சுற்று சுற்றும், நின்றுவிடும். சொட்டச் சொட்ட ஈரத்துணியோடு நான் நிற்பேன். பஸ் போய்விடும்.

கம்பெனி பம்பாயில். மதுரையில் அவர்களுடைய சர்வீஸ் ஆள் கண்ணுச்சாமி. வந்தார், பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார், "தண்ணி உப்பும்மா" என்றார். அடுத்த தடவை, "வோல்டேஜ் பத்தலம்மா." அதற்கடுத்து, "ரொம்ப அழுக்குத் துணியாப் போடுறீக."

"அழுக்கில்லாத துணிய எதுக்குய்யா துவைக்கணும்?" என்று கேட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஊரில் எத்தனையோ பேருக்குப் பம்பாய் ட்ரங்க் கால் போட்டுக் கொடுக்கிறவள் நான். என் சொந்தச் செலவில் நானே புக் பண்ணிக் கூப்பிட்டபோது, "சார் மீட்டிங்கில் இருக்கிறார்" என்பதைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. அந்தச் சாரைக் கடைசிவரை எவரும் எனக்குக் காட்டவில்லை.

பிறகு ஒருநாள் கண்ணுச்சாமி தொட்டிக்கு அடியில் விரலை விட்டு நாலைந்து அரிசியைப் பொறுக்கி எடுத்தார். திருடனைப் பிடித்த போலீஸ்காரர் மாதிரி அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். போதாதா? தானியத்தைக் கொட்டிப் பழுதாக்கியது வாடிக்கையாளர் குற்றம், கேரண்டி செல்லாது என்று கம்பெனி கையை விரித்துவிட்டது.

"அப்பறமென்ன? இந்த மாசத்தோட எழுதிக் குடுத்துரு" என்றார் மாமியார்.

அடுப்படிக்குள் போய் அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். சேதி கேட்டு அண்ணன் ஓடிவந்தார். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"நாந்தான் கெடுத்துட்டேனாத்தா?"

"நீங்க மொறையத்தாண்ணே செஞ்சீக. நாலு அரிசிக்கு நிக்கிற மாதிரி மெஷினச் செஞ்சவன் எவனோ, அவனக் கேப்போம்."

"வேற வாங்கித் தாரேன். இத நான் எடுத்துட்டுப் போறேன்."

"சீரத் திருப்பி எடுத்தா ஒறவு அத்துப்போச்சுன்னு அர்த்தம். உங்களுக்கு எதுக்குண்ணே திருப்பணும்? கடைக்குத் திருப்புவோம். எப்படி வந்துச்சோ அப்படியே."

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து மாமியார், "எங்க வீட்டுக்கு வந்த சீரக் குத்தம் சொன்னவன நானும் பாக்கணும். வாரேன்" என்றார். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆவணி மாதம், நல்ல முகூர்த்த நாளாகப் பார்த்தோம். மெஷினை டெம்போவில் ஏற்றி ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே இறக்கி, தள்ளுவண்டியில் வைத்து மாலை போட்டோம். முன்னால் கொட்டு. பின்னால் தேங்காய் பழத் தட்டோடு எங்கள் பெண்கள். கடை இருந்த டவுன்ஹால் ரோடு முழுக்க, கல்யாணச் சாமான் வாங்க வந்த கூட்டம். "யார் வீட்டுச் சீரு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணன் நின்று நிதானமாகச் சொன்னார்: "எந்தங்கச்சி வீட்டுச் சீரு. இந்தக் கடையில வாங்குனது. ஓடல. திருப்பிக் கொண்டுபோறோம்."

கடைக்காரர் சௌரிராஜன் அலறி அடித்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் கடையில் விற்பதில் பாதி சீர்ச் சாமான். திரும்பி வந்த சீர் வாசலில் நின்றால் எவன் உள்ளே வருவான்? ஏற்கெனவே, கிரைண்டர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்வீட்டார் நைசாக நழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து என் மாமியார் குலவை போட்டார். ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும்.

"அம்மா, கொட்ட நிறுத்தச் சொல்லுங்கம்மா. உள்ள அரிசி இருந்துச்சுன்னு கம்பெனி சொல்றான். நான் என்ன செய்ய?" என்று சௌரிராஜன் என்னைக் கும்பிட்டார்.

"உங்க கடையில நிக்குதே, அதே மெஷின். அதுல அரிசி போடலையே? ஓட்டிக் காட்டுங்க. ஓடுச்சுன்னா இத நாங்களே சொமந்துக்கிட்டுப் போறோம்" என்றேன் நான்.

கூட்டம் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டு நின்றது. கடைப்பையன்கள் தண்ணீர் ஊற்றினார்கள். அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உள்ளே போட்டார். சௌரிராஜனே திருகினார். மெஷின் உறுமியது. ரெண்டு சுற்று சுற்றியது. நின்றது.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சௌரிராஜன் மட்டும் சிரிக்கவில்லை. போனை எடுத்துக் கம்பெனி ஏஜெண்டைக் கூப்பிட்டு, கோபத்தில் முதலில் தம் வீட்டில் பேசும் பாஷையிலும் பிறகு தமிழிலுமாகப் பிடிபிடியென்று பிடித்தார். அந்த வாரமே புது மெஷின் வீடு வந்தது.

அதை இறக்கியதும் என் கணவர் ஒருவழியாக வாயைத் திறந்தார். "இனி கவலையில்ல சோலை. இது ஓடுற வரைக்கும் நீ தாராளமா வேலைக்குப் போகலாம்."

எனக்குச் சுருக்கென்றது. கடைவாசலில் இருந்ததைவிட அதிகக் கோபம் அப்போதுதான் வந்தது. அம்புட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் நான் சண்டை போட்டது இதற்குத்தானா?

"என் வேலைக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? ஓடுனாலும் போவேன், நின்னாலும் போவேன்" என்றேன். மாமியாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஐப்பசியில் அந்த மெஷினும் மக்கர் பண்ணியது. காலை நேரம். தொட்டி நிறையத் துணியும் நுரையுமாக அப்படியே நின்றுவிட்டது. வீடே என்னைப் பார்த்தது. நான் கையைத் துடைத்தேன், புடவைக்குப் பின் குத்தினேன், "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அன்றைக்கு எத்தனை பேருக்குத் தப்பான நம்பர் போட்டுக் கொடுத்தேனோ, தெரியாது.

சாயங்காலம் வந்து பார்த்தால் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சோப்பு சரியாகப் போகவில்லை. கணவருடைய வேட்டியில் நீலம் திட்டுத் திட்டாக நின்றது. அவர் கிணற்றடியில் உட்கார்ந்து விரல்களை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். மாமியார் அவருக்குக் காபி கொடுத்தார், எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்.

மறுநாள் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் அவர் கடைக்குப் போனார். நான் அதை மறுபடி துவைத்துக் கொடுக்கவில்லை.