சொக்கியைப் பார்க்க வந்தவர்

எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள், போகும்போது நோயில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போவார்கள். தெருக்காரர் என்றால் ரெண்டு இருமல், உறவுக்காரர் என்றால் ஒரு ராத்திரிக் காய்ச்சல், சோறு போட்டு வளர்த்தவர் என்றால் முழுதாகவே எடுத்துக்கொள்ளலாம். கோழிக்கும் இதே முறைதான்.

மரகதவல்லியின் கோழி சொக்கிக்குச் சளி பிடித்து மூச்சு இழுத்தது. அவள் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, டிவி வந்த அட்டைப்பெட்டியில் பழைய நைட்டியை விரித்துப் படுக்கவைத்து, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள் தட்டி உருட்டிக் கொடுத்தாள். இருமலைத் தானே எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போயும் பார்த்தாள். ஒரே வீட்டு ஆள் எடுத்தால் நிற்காது அல்லவா? அவள் திரும்பி வருவதற்குள் இருமல் முன்னால் ஓடிவந்து பெட்டிக்குள் படுத்துக்கொண்டது. வெளியாள் வேண்டும்.

ஒருத்தரும் வரவில்லை. சொக்கி கொத்தாத வற்றல் அந்தத் தெருவில் கிடையாது. ஒவ்வொரு தடவையும் மரகதவல்லி கோழிக்காக மல்லுக்கு நின்றாள். எதிர்வீட்டுத் தவசிலிங்கத்திடம், "உங்க வத்தலத் தின்னு என் கோழிக்கு நாக்கே செத்துப்போச்சு" என்று சொல்லியிருந்தாள். அதிலிருந்து அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை.

பார்க்க வாருங்கள் என்று வாய்விட்டுக் கூப்பிடுவது மரியாதைக்கேடு. அவர்களாக வர வேண்டும். அன்று மத்தியானம் சொக்கி கழுத்தைத் தொங்கப்போட்டது. மானம் போனால் போகிறது என்று மரகதவல்லி ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

"கொஞ்சம் உறைமோர் கிடைக்குமாண்ணே?"

தவசிலிங்கம் மோரை ஊற்றினார். "என்னம்மா, மாடியில போட்ட வத்தல் போட்டபடியே கெடக்கு?"

"அவளுக்கு மேலுக்குச் சொகமில்லண்ணே." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சாயங்காலம் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பை சாத்துக்குடியோடு வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெயில் அடிப்பதையும் குழாயில் தண்ணீர் வராததையும் பற்றிச் சொக்கியிடம் பேசினார். பிறகு கேட்டார்.

"என் பங்கு எவ்வளவும்மா?"

"எதிர்வீடுன்னா ரெண்டு இருமல்ணே."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் வத்தலத் தின்னு வளந்த ஒடம்பும்மா இது. என்னயப் போயி எதிர்வீடுங்கிறியே!"

சளி முழுவதையும் வாரி நெஞ்சில் போட்டுக்கொண்டு எழுந்தார். தெருவைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை கொக்கரித்தார். அவர் மனைவி இஞ்சி தட்டப் போனாள். இங்கே சொக்கி சிலிர்த்துக்கொண்டு எழுந்து சாத்துக்குடிப் பையைக் கொத்தியது. மரகதவல்லிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

வந்து பார்த்தவரைத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். மறுநாள் சொக்கி மிச்சச் சாத்துக்குடியோடு போய், தவசிலிங்கத்தின் கட்டில் விளிம்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. கொடுத்த சளியைத் திரும்ப வாங்குவது அழகில்லை. அதனால் அவருக்கு ரொம்ப நாளாக இருந்த சர்க்கரை வியாதியை எடுத்துக்கொண்டு இறங்கியது.

இப்போதெல்லாம் விடிந்ததும் சொக்கி மைதானத்தை வேகநடையாகச் சுற்றிவிட்டு டீக்கடைக்கு வருகிறது. தவசிலிங்கம் ஜாங்கிரி தின்றுகொண்டே பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிறார். கடைக்காரர் கேட்காமலே சர்க்கரை போடாமல் ஆற்றி வைக்கிறார்.