அண்ணன் படித்துக் காட்டிய 'ப்ளூப்'

அமெரிக்காவில் எங்கள் ஊர், பிளெய்ன்ஸ்பரோ நூலகத்தில் பழைய புத்தக விற்பனை. மகள் வெண்பாவுக்காகத்தான் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை வேறு. சனிக்கிழமை காலையில் வீட்டில் இருந்தால் மனைவி கண்மணி, "இன்னிக்காவது உங்க அண்ணிக்கு ஃபோன் பண்றீங்களா?" என்று கேட்பாள். கேட்பதற்குள் காரை எடுத்துவிட்டேன்.

அண்ணன் இறந்து நாற்பத்தொரு நாள். உடுமலையில், மாரடைப்பு. நான் போகவில்லை. "லீவு தர மாட்டேங்கிறாங்கம்மா" என்று அம்மாவிடம் சொன்னேன். அழவும் இல்லை. மறுநாள் ஆஃபீஸில் வழக்கம்போல இரண்டு ஜோக் சொன்னேன். இரண்டுக்கும் சிரித்தார்கள், அதில் ஒன்று ஜோக்கே இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

குழந்தைகள் புத்தகப் பெட்டியின் அடியில் ஒரு பழைய பத்திரிகைக் கட்டு கிடந்தது. அட்டையில் குண்டு போலீஸ்காரர், அவரைத் துரத்தும் வாத்து. 'ப்ளூப்'. இங்கிலாந்துச் சிறுவர் சிரிப்புப் பத்திரிகை. மொத்தமே இருபத்தோரு வாரம் வந்து நின்றுபோனது. வால்பாறை எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது அதில் ஏழெட்டு இதழ்கள் பழைய பேப்பர் கடைக்கு வந்து, அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தன. எனக்கு ஏழு வயது, அண்ணன் இளமாறனுக்குப் பதினொன்று. அவன் படித்துத் தமிழில் சொல்லுவான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவேன்.

வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து பிரித்தேன். வெண்பா பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள்.

ஆறு கட்டம். வாத்து 'ஹாங்க்' என்கிறது. போலீஸ்காரர் 'காஷ்!' என்று வாய் பிளக்கிறார். வாத்து மறுபடி 'ஹாங்க்'. அவர் குளத்தில் விழுகிறார். அவ்வளவுதான்.

"இட்ஸ் நாட் ஈவன் ஃபன்னி, அப்பா" என்றாள் வெண்பா.

இல்லைதான். அடுத்த பக்கமும் இல்லை. கடைசிப் பக்கம் வரை தேடினேன். அண்ணன் சொன்னதில் அந்தப் போலீஸ்காரர், வீட்டை ஜப்தி செய்ய வந்த தாசில்தார். வாத்து அவருடைய மாமியார். "மாப்ளே, வாங்கின சீரைத் திருப்பிக் குடுத்துட்டு ஜப்தி பண்ணுங்க" என்று கத்திக்கொண்டே துரத்தும். இந்த ஆறு கட்டத்தை அவன் அரை மணி நேரம் சொன்னான்.

அந்தக் கட்டுக்குள் கடைசி இதழும் இருந்தது. அட்டையில் பெரிய எழுத்தில்: 'நண்பர்களே, மகத்தான செய்தி!' உள்ளே பார்த்தால், அடுத்த வாரம் முதல் பத்திரிகை வராதாம், வேறொன்றோடு சேர்த்துவிட்டார்களாம். எங்கள் கம்பெனியில் ஆளைக் குறைக்கும்போது வருகிற ஈமெயிலும் இதே தினுசுதான். புது இதழ் ஏன் வரவில்லை என்று நான் நச்சரித்தபோது அண்ணன் சொன்னது: "எடிட்டர் தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருக்கார்டா." ஒரு வருஷம் அந்தக் கல்யாணம் நடந்தது.

தமிழ் மீடியம், ஐந்தாம் வகுப்பு. அவனுக்கு ஏபிசிடிக்கு மேல் ஒன்றும் தெரியாது. எனக்கு இங்கிலாந்துத் துரை மாதிரி இங்கிலீஷ் படித்துக் காட்டியதாக முப்பத்தி மூன்று வயது வரை நம்பியிருக்கிறேன். என்னை வேலைக்கு எடுத்த கம்பெனியை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

"ஏங்க, அப்படியே உக்காந்திருக்கீங்க?" என்றாள் கண்மணி.

"ஜோக் படிக்கிறேன்."

"மூஞ்சி அப்படித் தெரியல."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, அங்கே சாயங்கால வேளையில், ஃபோன் கார்டை எடுத்தேன். அண்ணி கலாவதியே எடுத்தார்.

"அண்ணி, திருமூர்த்தி பேசறேன்."

"சொல்லுங்க தம்பி."

வாத்தைப் பற்றித்தான் ஆரம்பித்தேன். எனக்கு வேறு எப்படியும் ஆரம்பிக்க வராது. அண்ணன் எல்லாவற்றையும் தானே கட்டிவிட்டான், புத்தகத்தில் அப்படி ஒரு வார்த்தை கூட இல்லை என்றேன்.

"அந்த மாமியார் வாத்துங்களா?" என்றார் அண்ணி. "எனக்கும் சொல்லியிருக்காருங்க. அவருக்கு எங்க இங்கிலீஷ் தெரியும்? பேங்குல பாரம் வந்தா எங்கிட்டதானுங்க நீட்டுவாரு."

சிரித்தாரா என்று தெரியவில்லை. லைனில் இரைச்சல். அப்புறம் கேட்டார்.

"ஒரு பத்து நாள் லீவு குடுத்திருக்கக் கூடாதுங்களா அவங்க?"

'ஆமா அண்ணி, கல்நெஞ்சக்காரங்க' என்ற பதில் நாற்பத்திரண்டு நாளாக நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"குடுத்தாங்க அண்ணி. மானேஜரம்மாவே டிக்கெட் போடச் சொன்னாங்க. என் விசா முடிஞ்சிருந்தது. இங்கயே இருந்தா பரவால்ல, வெளிய போயிட்டுத் திரும்பி வர்றதுக்கு மெட்ராஸ் தூதரகத்துல புதுசா விசா முத்திரை வாங்கணும். அதை அவங்க குடுக்காம விட்டுட்டா வேலை போயிடுமேன்னு... நான்தான் வரல."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அண்ணி எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தார்.

"சரிங்க" என்றார். "காரியத்துக்கு உங்க பேருக்கு எடுத்த வேட்டி பீரோவுல இருக்குதுங்க. யாருக்கும் குடுக்கல. எப்ப வர்றீங்களோ, வந்து வாங்கிக்குங்க."

"சரிங்க அண்ணி" என்றேன்.