பத்து நாளாக அசையாத அளவு

பண்டார் தெங்காரா ஊரை ஒட்டி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில், குன்றின் மேலிருந்த வானொலிக் கோபுரத்தில் அலையைப் பெருக்கும் பவர் ஆம்ப்ளிஃபயர் மின்னலில் கருகிப்போனது. அதை மாற்றத் தெப்ரா நகரிலிருந்து வந்தவள் டெக்னீஷியன் கஸ்தூரி. பன்னிரண்டு வருட அனுபவம் அவளுக்கு.

அவள் வேனில் இரண்டு வகை ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தன. கிளாஸ் ஏபி அலையைச் சிதைக்காமல் பெருக்கும். ஆனால் சூடாகும், பேட்டரியைத் தின்னும். கிளாஸ் சி அலையின் உச்சியில் மட்டும் விழித்து, மற்ற நேரமெல்லாம் தூங்கும், சூடு குறைவு. சோலாரில் ஓடும் கோபுரத்துக்கு சி போதும் என்று முடிவு செய்தாள். மாட்டியதும் வாக்கிடாக்கியில் பேசிப் பார்த்தாள். கணீரென்று கேட்டது. 'எல்லாம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வேலைத்தாளின் இரண்டாம் பக்கத்தை அவள் புரட்டவில்லை. அதே கோபுரம்தான் ஆற்றின் நீர்மட்டத்தையும் தோட்ட அலுவலகத்துக்கு அனுப்பியது. பேச்சைச் சுமக்கும் அலையின் உயரம் மாறாது. சி அதற்குத் தோது. நீர்மட்டத்தைச் சுமக்கும் அலையோ ஏறி இறங்கும். சி அதை நசுக்கிவிடும். புது எண் போய்ச் சேராததால் அலுவலகத் திரையில் பழைய எண்ணே நின்றது. மழையில்லாத நாள்கள், யாரும் கவனிக்கவில்லை.

பத்தாம் நாள் மழை கொட்டியது. திரையின் எண்ணை நம்பி ஆற்றோரத் தாழ்வான பாதையில் அனுப்பிய லாரி வெள்ளத்தில் கவிழ்ந்தது. அதிலிருந்த ஏழு தொழிலாளர்கள் நீந்திக் கரையேறினார்கள். ஓட்டுநர் ஆதமுக்குக் கால் முறிந்தது.

தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி செல்லப்பன் போன் செய்து லாரி கவிழ்ந்ததைச் சொன்னார். "பேச்சு நல்லாத்தான் கேக்குதும்மா. ஆத்து அளவுதான் பத்து நாளா அசையவே இல்ல."

கஸ்தூரிக்கு உடனே புரிந்துவிட்டது. வேலைத்தாளின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள்.

"ரிப்போர்ட்ல மறுபடி மின்னல் அடிச்சிருச்சுன்னு எழுதிடு லா," என்றார் அவளுடைய கம்பெனி முதலாளி கமலநாதன். "யாரு ஏறிப் பாக்கப் போறா?"

"இல்ல பாஸ். நான் டேட்டாவ டெஸ்ட் பண்ணல. அதத்தான் எழுதப் போறேன்."

எழுதினாள். மறுநாள் ஏபியை மாட்டினாள். கூடவே இன்னொரு பேட்டரி. செல்லப்பன் வாக்கிடாக்கியில் புது எண்ணைப் படித்துச் சொல்லும்வரை குன்றிலிருந்து இறங்கவில்லை. அடுத்த மாதம் தோட்டத்தின் ஒப்பந்தம் கைவிட்டுப் போனது. அவளை வெளிவேலையிலிருந்து எடுத்துப் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார வைத்தார்கள்.

ஒரு ஞாயிறு மதியம் மருத்துவமனைக்குப் போய், தவறு தன்னுடையது என்று ஆதமிடம் சொன்னாள். அவர் கட்டுப்போட்ட காலைச் சற்று நகர்த்திக்கொண்டார்.

"அந்த ஆத்து அளவு இப்ப வேலை செய்யுதா?"

"செய்யுதுண்ணே."

அவர் தலையாட்டிவிட்டு, மேசைவிசிறியைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். திருப்பி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.