மேல்மாடியில் தண்ணீர் வராத கணக்கு

கல்லூரியில் அவனை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதை என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். திரவவியல் பாடத்தில் இரண்டு தடவை கோட்டைவிட்டு, தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்திருப்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? மூன்றாவது தடவையும் தோற்றால் கல்லூரியைவிட்டே போக வேண்டியதுதான். அந்தப் பயத்தில் சோறு இறங்கவில்லை.

புதிதாக வந்த விரிவுரையாளர் பாடமே நடத்தாமல் வகுப்பை நான்கு நான்கு பேராகப் பிரித்தார்.

"விடுதி மேல்மாடியில காலையில தண்ணி வரமாட்டேங்குது. ஏன்னு கண்டுபிடிங்க. பரீட்சை இதுதான். கடைசியில குழுவுல யாராவது ஒருத்தரைத்தான் எழுப்பிக் கேப்பேன். அவங்க மார்க்குதான் நாலு பேருக்கும்."

அண்ணனோடு மாட்டிக்கொண்டவர்கள் வகுப்பின் முதல் மார்க்குக்காரியும், ஒட்டிப் பிறந்தவர்கள்போலத் திரியும் இரட்டையரும். முதல் மார்க்குக்காரி யாரையும் கேட்காமல் தானே கணக்குப் போட்டு முடித்தாள். மோட்டார் சின்னது, பெரியதாக மாற்ற வேண்டும்.

"இதை அப்படியே மனப்பாடம் பண்ணிடுங்கண்ணே. வேற ஒண்ணும் வேணாம்."

அண்ணன் பூம்பூம் மாடாகத் தலையாட்டினான். ஆனால் படிக்கப் படிக்க ஏதோ உறுத்தியது. அவன் இருப்பதே மேல்மாடியில்தான்.

"சிரிக்கக் கூடாது. மோட்டார் சின்னதுன்னா, மத்தியானம் மட்டும் மேல எப்படித் தண்ணி கொட்டுது?"

இரட்டையர் சிரித்தார்கள். முதல் மார்க்குக்காரி சிரிக்கவில்லை. மோட்டாரைப் போய்ப் பார்க்காமலே கணக்குப் போட்டவள் அவள்.

மறுநாள் காலை, ஆண்கள் விடுதிக்குள் விடமாட்டார்கள் என்பதால் அவள் வாசலில் போனும் கையுமாக நிற்க, அண்ணன் மொட்டைமாடிக்கு ஏறினான். தொட்டி தளும்பிக்கொண்டிருந்தது! மோட்டார் மேல் குற்றமில்லை. அங்கிருந்து எல்லா மாடிக்கும் ஒரே குழாய்தான் இறங்கியது. இரட்டையர் கீழ்மாடிகளின் வால்வுகளை மூடியதும் மேல்மாடியில் தண்ணீர் பீறிட்டது. கீழே முகத்தில் சோப்போடு நின்றவர்கள் இரட்டையரின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள்.

அதற்குப் பிறகு மனப்பாடப் பேச்சே இல்லை. ஒருவர் சொல்வது மற்ற மூவருக்கும் விளங்கும்வரை நகர்வதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். அதிகம் கேட்டுத் தொல்லை கொடுத்தவன் அண்ணன்தான். அவனுக்குச் சொல்லப்போய் முதல் மார்க்குக்காரி தன் தப்புகளைத் தானே கண்டுபிடித்தாள்.

தேர்வு நாளில் விரிவுரையாளரின் விரல் அவன் பக்கம்தான் நீண்டது. இரட்டையர் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவன் எழுந்து நின்றான்.

"தொட்டியைப் பெருசாக்கினா சரியாயிடுமா?"

யாரும் எதிர்பாராத கேள்வி.

"ஆகாது சார். தண்ணி எவ்வளவு இருக்குன்னு இல்ல, எவ்வளவு உயரத்துல இருக்குங்கறதுதான் தள்ளும். மேல்மாடிக்கும் தொட்டிக்கும் உயரமே கொஞ்சம். காலையில எல்லாரும் ஒரே குழாயில இழுக்கறப்போ, அந்தக் கொஞ்ச அழுத்தமும் குழாயில உரசி வழியிலேயே தீந்துபோகுது. மேல்மாடிக்குத் தனிக் குழாய் போட்டாப் போதும்."

"சரி, உக்காரு. நாலு பேரும் பாஸ்."

முதல் மார்க்குக்காரி மேசையில் தலை கவிழ்ந்து மூச்சுவிட்டாள். அப்பாடா என்று அவனுக்கும் உடம்பே லேசாகிப்போனது. வெளியே ஓடிவந்து வீட்டுக்குப் போன் போட்டான்.

"அம்மா, நாலு பேரும் பாஸ்!"

"ஊர்க்கதை எதுக்குடா? நீ என்ன ஆன?"

"என்னாலதாம்மா நாலு பேரும் பாஸ்."